திருவாவடுதுறை ஊராருக்கு ஒரு திறந்த மடல்: உங்கள் ஊர் வரலாற்றை நீங்களே எழுதுங்கள்

திருவாவடுதுறை கிராமசபைக்கு வருகிற பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும், கூட்டத்துக்கு வர முடியாமல் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் குத்தாலம் பக்கத்துக்காரன். உங்கள் ஊரில் எனக்கு வீடோ நிலமோ கிடையாது, பக்கத்து ஊர் என்கிற உரிமை மட்டும்தான். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்து வருகிற கிராமசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: திருவாவடுதுறையின் வரலாற்றை, திருவாவடுதுறை ஆதீனம் என்கிற சைவ மடத்தின் கதையையும் ஊரின் கதையையும் ஒன்றாகச் சேர்த்து, ஊரே உட்கார்ந்து எழுதுவது என்று. சாலை, குடிநீர், தெருவிளக்கு பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2023 மே 28-இல் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறந்தார்கள். மக்களவையில் செங்கோல் வைத்தார்கள். அன்றைக்குத்தான் இந்தியாவில் பலருக்கும் திருவாவடுதுறை என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது. 1947 ஆகஸ்ட் 14 அன்று மடத்திலிருந்து போனவர்கள் நேருவின் வீட்டில் அவர் கையில் அந்தச் செங்கோலைக் கொடுத்தார்கள், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அங்கே நாகஸ்வரம் வாசித்தார், பிறகு அது நெடுங்காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. இவ்வளவிலும் யாருக்கும் சண்டை இல்லை. மவுண்ட்பேட்டன் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தாரா, ஆட்சி மாற்றத்தின் அடையாளமே அதுதானா என்பதில்தான் பெரிய வாக்குவாதம், இன்னும் ஓயவில்லை. ஆனால் என் கவலை வேறு. ஆயிரத்து நானூறு வருடங்களாகப் பாட்டிலும் கல்லிலும் ஏட்டிலும் பேர் பதிந்த ஊர் உங்களுடையது. அதை ஒரே ஒரு நாளின் ஒரே ஒரு பொருளுக்குள் அடக்கிவிட்டார்கள். இனி இணையத்தில் ஊர்ப் பேரைப் போட்டால் முதலில் வருவது அதுதான். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஊர் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் அதைத்தான் எழுதும். அதில் பொய் இல்லை. ஆனால் ஊரின் கதையில் அது எவ்வளவு சிறிய பங்கு என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

கதையை எங்கிருந்து தொடங்கலாம்? நான் எழுதுவதாக இருந்தால் மாடு மேய்த்த மூலனிடமிருந்து தொடங்குவேன். உமையம்மை பசுவாக வந்து வழிபட்ட தலம் என்று தலபுராணம் சொல்கிறது, கோமுத்தீசுவரர் என்ற பேரும் அந்த வழியில் வந்ததுதான். அதை எல்லோரும் அறிவார்கள். பெரியபுராணம் சொல்கிற மூலன் கதை எனக்கு அதைவிட நெருக்கம். பக்கத்துச் சாத்தனூரில் மாடு மேய்த்தவர் மூலன். அவர் இறந்து கிடக்கிறார், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த யோகி ஒருவர் அந்த மாடுகளின் துயரம் பொறுக்காமல் மூலன் உடம்பில் புகுந்து எழுகிறார். மாடுகள் வீடு திரும்பிவிடுகின்றன. மூலனின் மனைவி வந்து கூப்பிடுகிறாள், அவர் போகவில்லை. அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள், அவர்கள் வந்து பார்த்துவிட்டு, இவர் வேறு நிலைக்குப் போய்விட்டார் என்று அவளைத் தேற்றி அழைத்துப் போகிறார்கள். யோகியோ தம் பழைய உடம்பும் காணாமல் போக, ஆவடுதுறைக்கு வந்து அரசமரத்தடியில் அமர்ந்து திருமந்திரம் பாடினார் என்பது மரபு. திருமூலருக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதி இருக்கிறது. மூலனின் மனைவிக்கு என்ன இருக்கிறது? பேர்கூட இல்லை. ஆனால் இந்தக் கதையில் ஊர் கூடி நியாயம் பேசிய காட்சி ஒன்று வருகிறதென்றால் அது அவளால்தான் வருகிறது. ஊர் வரலாறு எழுதினால் அவளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள், இது என் சொந்த வேண்டுகோள்.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். சம்பந்தரின் தந்தை வேள்விக்குப் பொருள் கேட்க, கையில் ஒன்றும் இல்லாத பிள்ளை ‘இடரினும் தளரினும்’ என்று தொடங்கிப் பாடி, ஆயிரம் பொன் கொண்ட உலவாக்கிழி, அதாவது எடுக்க எடுக்கக் குறையாத பொன்முடிப்பு, பெற்றது இங்கேதான் என்பார்கள். பணமுடை வந்தால் இன்றைக்கும் அந்தப் பதிகத்தைப் படிக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. அப்புறம் திருமாளிகைத் தேவர், ஒன்பதாம் திருமுறையில் முதலாவதாக வைத்திருப்பது அவர் பாட்டைத்தான், அவரும் இங்கே வாழ்ந்தவர். அவரைப் பிடிக்க நரசிங்கன் என்ற மன்னன் படை அனுப்பியதும், கோயில் மதில் மேல் இருந்த நந்திகள் எல்லாம் உயிர்பெற்று எழுந்து படையை விரட்டியதும், அதனால்தான் மதிலில் நந்தி இல்லை என்பதும் உங்கள் ஊர்ப் பாட்டிகள் சொல்லி நான் கேட்ட கதை. இதைக் கல்வெட்டில் தேடக்கூடாது, ஆனால் விடவும் கூடாது. யார் சொன்னது, எந்தத் தெருவில் எப்படிச் சொன்னார்கள் என்று அப்படியே பதிந்து வைத்தால் போதும்.

கல்வெட்டுக்கு வருகிறேன். நான் மிகவும் ஆதங்கப்படுவது இங்கேதான். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், கோயில் கற்றளியாக, அதாவது கல்லால் கட்டிய கோயிலாக, எழும்பியது. அதிலிருந்து தொடங்கி சோழர் காலம் முழுவதும் சுவர்களில் எழுத்து. 1925-இல் கல்வெட்டுத் துறையினர் வந்து படியெடுத்துப் போனார்கள், அறிக்கையும் வந்தது. ஆனால் அந்த அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆராய்ச்சி செய்கிறவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், அந்தச் சுவர் ஓரமாகத் தினமும் பிரகாரம் சுற்றுகிற உங்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஒரு பலகை கிடையாது.

இரண்டே இரண்டு கல்வெட்டைச் சொல்கிறேன். முதலாம் இராசராசன் காலத்தது ஒன்று. திருவிழாவில் ஆரியக்கூத்து ஏழு அங்கம் ஆடுவதற்காகக் குமரன் சீகண்டன் என்ற கூத்தருக்கு நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உங்கள் ஊரில் கூத்து ஆடியவரின் பேர் இன்றைக்கும் தெரியும் என்றால் அது சின்ன விஷயமா? எத்தனை அமைச்சர்கள், எத்தனை தளபதிகள் பேர் தெரியாமல் போய்விட்டார்கள்!

இன்னொன்று விக்கிரம சோழனின் மூன்றாம் ஆட்சியாண்டு, அதாவது 1121. இங்கே இருந்த ஒரு மடத்தில் சோறு போடுவதற்கு ஏற்பாடு செய்கிறார்கள். யாருக்கு? மாகேசுவரர்கள் என்கிற சிவனடியார்களுக்கு மட்டும் இல்லை, வைத்தியம் படிக்கிறவர்களுக்கும். சரகரின் சம்ஹிதையும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் படிக்கிற மாணவர்கள், ரூபாவதாரம் என்கிற வடமொழி இலக்கணம் படிக்கிற மாணவர்கள் என்று படிப்பின் பேரோடு சொல்லியிருக்கிறார்கள். இப்போதைய ஆதீனம் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே, இந்த ஊரில் மடம் என்றால் படிக்கிற பிள்ளை பசியில்லாமல் உட்கார்ந்து படிக்கிற இடம் என்று இருந்திருக்கிறது. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் பேருந்து ஏறிப் போய் நர்சிங் படிக்கிற உங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊரில் 900 வருடத்துக்கு முன்னாலேயே மருத்துவம் படித்தார்கள் என்று தெரியும்? தெரிந்தால் அந்தப் பிள்ளை ஊர்ப் பேரைச் சொல்கிற குரலே வேறாக இருக்காதா?

சரி, ஆதீனத்துக்கு வருகிறேன். மூவலூரிலிருந்து வந்த நமசிவாய மூர்த்திகள் நிறுவியது. மெய்கண்டார், அருள்நந்தி சிவம், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் என்று வருகிற சந்தான மரபின், அதாவது சைவ சித்தாந்த குருமரபின், கிளை, திருக்கயிலாய பரம்பரை என்று சொல்வார்கள். தை மாதத்தில் அவருக்குக் குருபூசை, இரவில் பட்டணப் பிரவேசம், அந்த விவரமெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சைவ சித்தாந்தத்தில் பண்டார சாத்திரம் என்று 14 நூல்கள் இருக்கின்றன, அவற்றில் 10 இந்த மடத்து அம்பலவாண தேசிகர் ஒருவர் எழுதியவை. 18-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு சிறுவன், வீட்டுக்கு வந்த தம்பிரான்களோடு, அதாவது மடத்துத் துறவிகளோடு, கிளம்பி மடத்தில் சேர்ந்து, பின்னால் சிவஞான முனிவர் ஆனார். சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய மாபாடியத்தைத் தாண்டி இன்றுவரை யாரும் உரை எழுதவில்லை. 1785-இல் இறந்தார். அவருடைய மாணவர் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடியவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு ‘நாவலர்’ என்கிற பட்டம் கிடைத்ததும் இங்கேதான், 1849-இல். கடல் தாண்டி வந்தவரின் பேச்சைக் கேட்டு, ஒரு கிராமத்து மடம் கொடுத்த பட்டம் அவர் பேராகவே ஆகிவிட்டது.

இதையெல்லாம் மடத்து வெளியீடுகளில் படிக்கலாம். ஆனால் 1870-களில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்துகொள்ள வேண்டுமானால் உ.வே. சாமிநாதையர் எழுதியதைத்தான் படிக்க வேண்டும். அவர் சாதாரண மாணவராகத் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு இங்கே வந்தவர். சுப்பிரமணிய தேசிகர் மடத்தின் தலைவராகப் பட்டத்தில் இருந்த காலம். காலையில் பூசை, பிறகு பாடம், தம்பிரான்கள் ஒருபக்கம் வெளி மாணவர் ஒருபக்கம், வடமொழி வித்துவான்கள் வருகிறார்கள், சங்கீத வித்துவான்கள் வருகிறார்கள், மகா வைத்தியநாதையர் வந்து பாடுகிறார். குருபூசை வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம். சாமிநாதையருக்கு ஊரில் வீடே அமைத்துக் கொடுத்தார் தேசிகர். அந்த வீடு இருந்த இடம் எது என்று ஊரில் யாருக்காவது உறுதியாகத் தெரியுமானால் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1-இல் இந்த ஊரில்தான் கண்ணை மூடினார். அந்தக் கடைசி நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை, கிறிஸ்தவர், அவருடைய மாணவர். பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகத்தில் அடைக்கலப் பத்துப் படித்தவர் சாமிநாதையர். ஒரு சைவ மடத்து ஊரில், சைவ வேளாளரான ஆசிரியரை, ஒரு கிறிஸ்தவ மாணவர் மார்பில் சாய்த்துக்கொள்ள, ஒரு பிராமண மாணவர் திருவாசகம் வாசிக்கிறார். எந்த ஊர் வரலாற்றில் இப்படி ஒரு காட்சி கிடைக்கும்? ஊர் எல்லையில் இதைப் பலகையில் எழுதி வைத்தால்கூடத் தகும்.

கொஞ்ச நாளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாடே பட்டினி. தேசிகர் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, அவரும் கிறிஸ்தவர்தான், தேசிகரைப் புகழ்ந்து பாட்டு எழுதினார். 1880-இல் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார், அங்கே முன்சீப் ராமசாமி முதலியார் சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று கேட்ட கேள்வி தமிழின் போக்கையே மாற்றியது. சீவக சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது. அந்தத் தேடலுக்கு உங்கள் மடத்து ஏடுகள் உதவின, சங்க நூல்களின் ஏடுகளும் மடத்து நூல்நிலையத்தில் இருந்தன. நாம் இன்று கையில் வைத்துப் படிக்கிற பழந்தமிழ் நூல்களுக்கும் உங்கள் ஊரில் ஏடு எழுதியவர்களுக்கும், பரண் ஏறி எடுத்துக் கொடுத்தவர்களுக்கும், எண்ணெய் தடவிப் பூச்சி அரிக்காமல் காத்தவர்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அவர்கள் யார் பேரும் நமக்குத் தெரியாது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் ஊர் வரலாறு நிறையாது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் நினைவுபடுத்த விரும்புவது வாத்தியத்தை. அதுவரை வாசித்தது திமிரி, குட்டையான குழல், உச்ச சுருதி. அவரும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து சுருதியைக் கீழே இறக்கி, குழலை நீட்டி, சுத்த மத்தியமம் சரியாகப் பேசுகிற மாதிரி உருவாக்கியதுதான் இன்று எல்லோரும் வாசிக்கிற பாரி நாகஸ்வரம். ஒரு ஊரில் வாசிக்கிறவர், அடுத்த ஊரில் கடைகிறவர், இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம். அப்படி இருந்ததால்தான் அது சாத்தியமானது. வாசித்துப் பார்த்துத் துளையை மாற்றச் சொல்லலாம், மறுபடி வாசிக்கலாம். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மிகவும் நல்லது. ஆனால் ஆச்சா மரம் கிடைப்பது அரிதாகி, பழைய வீடு இடிக்கிற இடத்தில் உத்திரத்தை வாங்கி வந்து கடைகிறார்கள். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கட்டுகிற கைகளும் குறைந்துகொண்டே போகின்றன. நாணல் எந்தக் கரையில் வெட்டுவது, எவ்வளவு நாள் காய வைப்பது, எந்தக் கச்சேரிக்கு எந்தச் சீவாளி என்பதெல்லாம் அவர்கள் கையிலும் உதட்டிலும் மட்டும் இருக்கிற அறிவு. இதை வீடியோ எடுத்து வைப்பதற்கு ஒரு கைப்பேசி போதும், ஊருக்குள் எத்தனையோ இளைஞர்களிடம் இருக்கிறது.

ராஜரத்தினம் பிள்ளை இன்னொன்றும் செய்தார். இசை வேளாளர் வீட்டுக் கலைஞர்கள் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று இருந்த காலத்தில், கிராப்பு வெட்டி, கோட்டுப் போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அந்த மரியாதைக்காக அவர் போட்ட சண்டைகளும் இந்த ஊர் வரலாறுதான்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் எழுத வேண்டும். மடத்துக்கு நிலம் இருந்தது, இங்கே மட்டும் இல்லை, திருநெல்வேலிச் சீமை வரைக்கும். நிலம் இருந்தால் உழுதவர்கள் இருந்தார்கள். நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள், களத்தில் தூற்றி மூட்டை கட்டி மடத்துக் களஞ்சியத்துக்குச் சுமந்தவர்கள். 1121-இல் வைத்திய மாணவர் சாப்பிட்ட சோறும், தாது வருஷத்துக் கஞ்சியும், குருபூசைப் பந்தியும் அவர்கள் விளைவித்தது. அவர்களில் பலரும் அந்தப் பந்தியில் எங்கே உட்கார்ந்தார்கள், உட்கார விட்டார்களா, கோயிலுக்குள் எப்போது முதல்முறை நுழைந்தார்கள்? தஞ்சை மாவட்டத்தில் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1961-இல் அறநிலையங்களின் விவசாய நிலக் குத்தகையை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டங்கள் வந்தபோது உங்கள் ஊர்க் குத்தகைதாரர் வீட்டிலும் பண்ணையாள் வீட்டிலும் என்ன பேசிக்கொண்டார்கள், என்ன மாறியது, என்ன மாறவில்லை? இது எந்தத் தலபுராணத்திலும் வராது. 80 வயது, 90 வயது ஆன பெரியவர்கள் இருக்கிற தெருக்களில் மட்டுமே இதற்குப் பதில் இருக்கிறது, அதுவும் இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான். மடத்தின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. மடம் செய்த நல்லது உண்மை, அதைச் சுமந்த தோள்களும் உண்மை, இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதும் தைரியம் ஊருக்குத்தான் வரும், வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் ஏதாவது ஒன்றைத்தான் எழுதுவார்.

இதனால்தான் மடத்துக்கு எழுதாமல், அரசாங்கத்துக்கு எழுதாமல், உங்களுக்கு எழுதுகிறேன். மடம் தன் குருமரபின் வரலாற்றை வைத்திருக்கிறது, அது அவர்கள் கடமை, அதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். தொல்லியல் துறை கல்லை மட்டும் பார்க்கும். இசை எழுதுகிறவர்கள் ராஜரத்தினம் பிள்ளை வீட்டோடு திரும்பிவிடுவார்கள். இலக்கியக்காரர்களுக்கு 1870-கள் போதும். அரசியல் பேசுகிறவர்களுக்கு 1947 போதும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஊர் ஒன்றுதான். தாள்களும் சிதறிக் கிடக்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 1991-இல் நாகப்பட்டினத்துக்குப் போனது, 2020-இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது. நில ஆவணம் தேடுகிறவர் மூன்று ஊர் அலுவலகங்களையும் ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் கூட்டலாம் குறைக்கலாம். முதலில் ஒரு குழு. எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், பாதிக்குப் பாதி பெண்கள் இருக்க வேண்டும், குடியிருப்புகள் எதுவும் விடுபடக் கூடாது. இது இல்லாமல் தொடங்கினால் மறுபடியும் பழைய வரலாறுதான் வேறு அட்டையோடு வரும். பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தால் நல்லது. பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள், ஏடு காத்திருக்கும், கல் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். வீடுகளில் இருக்கிற பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகை, குருபூசை அழைப்பு, குத்தகைச் சீட்டு, நாகஸ்வரக் கச்சேரி நோட்டீசு எதையும் யாரிடமும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டுக்காரர் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருள் போனால் நம்பிக்கையும் போகும்.

மடத்திடம் ஊர் சார்பில் முறையாகக் கேளுங்கள், மடத்தின் தலைவரான மகாசந்நிதானத்திடம் ஊர்ப் பெரியவர்கள் நேரில் போய்க் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. என்ன கேட்பது? நூல்நிலையத்தில் இருக்கிற ஏடுகளில் ஊரைப் பற்றிய கணக்கு, சாசனம், கடிதம் இருந்தால் அவற்றின் படிகளைக் காட்டும்படி கேளுங்கள். ஓலைகள் எல்லாவற்றையும் ஒளிப்படமாக்கி யாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் வைக்கும்படியும் கேளுங்கள். சுப்பிரமணிய தேசிகர் ஏடு கேட்டு வந்த மாணவருக்கு இல்லை என்று சொன்னவர் இல்லை, அந்த வழக்கம் அந்த மடத்தில் பழையது.

கோயில் கல்வெட்டுக்கு ஒரு சின்ன யோசனை. எழுத்து இருக்கிற சுவரில் ஒன்றும் ஒட்டக்கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, வெள்ளை அடிக்கக் கூடாது. பிரகாரத்தில் தனியாக நிற்கிற பலகையில், இந்தச் சுவரில் உள்ளது இன்ன ஆண்டு, இன்ன அரசன், இன்ன செய்தி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் நாலு வரி போதும். அறநிலையத் துறையிடமும் மடத்திடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதைக் கிராமசபைத் தீர்மானத்தோடு கேட்டால் தனி ஆள் கேட்பதைவிட வலு அதிகம்.

கிராமசபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் எது அடுத்து வருகிறதோ அதிலேயே வையுங்கள். தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்: ‘திருவாவடுதுறையின் கோயில், மடம், கலை, தொழில், நிலம், உழைப்பு ஆகிய அனைத்தின் வரலாற்றையும் ஊரின் எல்லாத் தெரு மக்களும் பங்கேற்கும் குழுவால் தொகுப்பது, பெரியோர் வாய்மொழியை முதலில் பதிவு செய்வது, தொகுத்ததன் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படியைப் பள்ளியிலும் எவரும் படிக்கும்படி வைப்பது.’ வாசகத்தை மாற்றிக்கொள்ளுங்கள், ‘எல்லாத் தெரு மக்களும்’ என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

1925-இல் படியெடுத்த கல்வெட்டுகளின் அறிக்கைக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவதும், நீங்கள் பதிவு செய்கிற பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருவதும் என் பொறுப்பு. கூலி வேண்டாம். குழு அமைந்த அன்றைக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
குத்தாலம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்